நெளிவு போட்ட அலைக்கோடு

உத்திரமேரூர் பஜாரில் அந்தக் காலத்தில் யாருக்கு ரத்தக் கொதிப்பு வந்தாலும் ஒரே ஆள்தான் காரணம். அவர் பெயர் பஜாரில் யாருக்கும் தெரியாது. நெளிவு என்றால் தெரியும். என் கம்ப்யூட்டர் கடையில் டிசைன் போடுகிற வேலை. என்னைவிட மூத்தவர். வாயைத் திறந்தால் சண்டைதான்.

நேர்கோட்டைக் கண்டால் அவருக்கு ஆகாது. கல்யாணப் பத்திரிகைக்கு அலை அலையாக பார்டர் போட்டார், சரி. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் அதையே போட்டார். செத்தவரின் மகன் வந்து என் சட்டையைப் பிடித்தான். உங்கப்பா நேராக நின்று நான் பார்த்ததே இல்லையே என்று நெளிவு சொல்ல, அவன் மறுபடி என் சட்டையைத்தான் பிடித்தான்.

இரண்டாயிரம் பிறந்த புதிதில், சாலவாக்கம் பக்கத்து ஏரிக்காரர்கள் மேப் கேட்டு வந்தார்கள். எந்த மதகுத் தண்ணீர் எந்த நிலத்துக்கு என்று மதகுக்கு ஒரு கலர், மொத்தம் ஐந்து. கலர்களுக்கு நடுவே அலைக்கோடு போடுகிறேன் என்று நெளிவு உட்கார்ந்தார். ஒரு கோட்டுக்கு ஒரு நாள். ஒரு வளைவு பிடிக்காவிட்டால் முழுக்க அழித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். நான் கத்தினேன். அவர் அதற்கு மேல் கத்தினார்.

"ரெண்டு கலருக்கும் நடுவுல ஒரே கோடுதான் ஓனரே. ஒரு வாட்டி போட்டு, ரெண்டு பக்கத்துக்கும் அத்தையே வெச்சிக்கணும். தனித்தனியா போட்டா ஒண்ணு மேல ஒண்ணு ஏறும், இல்லாங்காட்டி நடுவுல சந்து வுழும்."

அவர் டீக்கடைக்குப் போன நேரம் பார்த்து, ஆத்திரத்தில் மீதியை நானே போட்டேன். ஒவ்வொரு பகுதியையும் தனியாகச் சுற்றி வளைத்து, அலை வைத்து, கலர் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தனுப்பினேன். நெளிவு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கடை நிம்மதியாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு விவசாயி அந்த மேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்தார். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு சந்து. அதற்குள் அவருடைய அரைக் காணி நிலம்.

"கதிர் வர்ற நேரம். ரெண்டு மதகுக்காரனும் நீ எங்க கலர்ல இல்லன்றான். பயிரு காஞ்சிக்கினு கீது. இத்த போட்டது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் நெளிவு எழுந்துவிட்டார். "நான்தான்."

அந்த மனிதர் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். பஜாரையே எதிர்த்துப் பேசுகிறவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு பச்சை பெயிண்டும் பிரஷ்ஷுமாக அவரோடு டவுன் பஸ் ஏறினார். அது பச்சை மதகு நிலம்தான் என்று ஏரிக்கரையில் எல்லோரையும் சொல்லவைத்து, அவர்கள் கண் முன்னாலேயே மேப்பின் வெள்ளைச் சந்தில் பச்சை நிரப்பி, ஒரே அலையாகக் கோடு போட்டாராம். அன்று மாலையே வயலில் தண்ணீர் பாய்ந்தது.

திரும்பி வந்தவரிடம் ஏன் பொய் சொன்னீர் என்று எகிறினேன்.

"உங்களுக்குத் திட்டு வாங்கத் தெரியாது ஓனரே. எனக்குப் பயக்கம்."

அந்தப் பொய்யை நான் இன்னும் மன்னிக்கவில்லை. போன வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனாரே, அதையும்தான். அவருடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நானே உட்கார்ந்து அலை அலையாக பார்டர் போட்டேன். முழுசாக ஒரு நாள் ஆயிற்று.