ஒரே ஒரு தட்டு

என் நிச்சயதார்த்தத்தை நானே கவிழ்த்தேன் என்று இன்றும் சொல்லித் திரிகிறார்கள். திரியட்டும். பலகையின் சாய்வு சரியாகத்தான் இருந்தது, எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சொல்வேன்.

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்த கையோடு தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அல்லிநகரத்தில் எங்கள் வீட்டில் நிச்சயம். (இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது நானா?) மாப்பிள்ளை வீட்டுக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். அவருடைய அப்பா உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஆரம்பித்தார்.

"வேலைக்கெல்லாம் போகணுமாத்தா? போயி என்னத்தச் சொல்லிக் குடுப்ப?"

"இயக்க உராய்வுக் குணகம், மாமா."

"நல்ல குணமா இருந்தாச் சரி."

சபையே சிரித்தது. எனக்கு வந்ததே கோபம்! தாம்பூலத் தட்டு வைப்பதற்காகக் கூடத்தில் போட்டிருந்த பலகையின் ஒரு முனையைப் புத்தகங்களை அடுக்கி உயர்த்தினேன். அம்மா கண்ணாலேயே எரித்தாள். பலகை நடுவில் ஒரு மரக்கட்டையை வைத்தேன்.

"இது வேகம் கூடாம, குறையாம இறங்கணும், மாமா. அந்தச் சாய்வ வச்சுத்தான் குணகத்தைக் கண்டுபிடிக்கிறது."

கட்டை அசையவில்லை.

"என்னத்தா, ஒன் கட்டைக்கே வேலைக்குப் போக இஷ்டமில்ல போல!"

"தானா நகராது, மாமா! நகர ஆரம்பிக்கிறப்ப இருக்கிற உராய்வு வேற, நகர்றப்ப இருக்கிறது வேற. ஒரு தட்டு வேணும். ஒரே ஒரு தட்டு!" கத்தியேவிட்டேன்.

அடுப்படியில் எங்கள் வீட்டுத் தாம்பூலத் தட்டோடு சித்தப்பா நின்றிருந்தார். "தட்டு" என்று குரல் கேட்டதும் கொண்டுவர வேண்டும் என்பது அவருக்கு இட்ட கட்டளை. வந்தார். தேங்காய், பழம், பட்டு வேட்டி, குங்குமம் எல்லாம் அவர் மூக்குவரை குவிந்திருந்ததால் பலகை சாய்ந்திருப்பது தெரியவில்லை. பயபக்தியோடு மேல்முனையில் வைத்துக் கையை எடுத்தார்.

பித்தளைத் தட்டை யாரும் தட்டிவிட வேண்டியிருக்கவில்லை. கட்டையையும் இடித்துத் தள்ளிக்கொண்டு (கட்டைக்கு நான் கேட்ட தட்டு கிடைத்துவிட்டது!) சறுக்கிப் போய், ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் மடியில் கவிழ்ந்தது. மனிதர் குங்குமத்தில் குளித்துவிட்டார். தேங்காய் வாசல்வரை உருண்டது.

"அபசகுனம்!" என்று அவர் அப்பா எழுந்தார். "தட்ட இம்புட்டுக் கனமாவா வைப்பாக?"

வாயை மூடியிருக்கலாம்தான். "கனத்துக்கும் குணகத்துக்கும் சம்பந்தமே இல்ல, மாமா."

"அப்ப நமக்கும் சம்பந்தமில்ல. ஏலே, கெளம்பு!"

அம்மா அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் சொன்னேன்: "நாளைக்கு வகுப்புக்குப் போகத்தான் செய்வேன்."

மாப்பிள்ளை கண்ணிலிருந்த குங்குமத்தைத் துடைத்தார். "ஒக்காருங்கப்பா. அவுக தட்டு நம்மகிட்ட வந்திருச்சு. நம்ம தட்ட அங்கிட்டுக் குடுங்க, முடிஞ்சது சோலி."

வேலையும் கிடைத்தது. இன்றும் எந்த நிச்சயத்துக்குப் போனாலும் தட்டு மாற்றும் நேரத்தில் மாமனார் எழுந்து குரல் கொடுப்பார்: "பலகையப் பாத்துப் போடுங்கப்பா, எங்க மருமக வந்திருக்கா!"

கூட்டம் சிரிக்கும். சிரிக்கட்டும். அந்தக் கட்டையை நான் தட்டியிருந்தால் சீராகத்தான் இறங்கியிருக்கும்.