அறுபதால் பெருக்கிய புளிசாதம்

1996ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, சனிக்கிழமை, காலை 9 மணி 10 நிமிடம். அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டிருந்தது. ஆனால் அந்த உத்தரவு வெயிலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. வானத்தில் மேகம் மூன்று. காற்று இல்லை. அந்த நிமிடத்தில்தான் நான் என் வாழ்நாளில் முதலும் கடைசியுமாக ஓர் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு எதையும் எண்ணும் வியாதி உண்டு. எங்கள் வீட்டு மாடிப்படி பத்தொன்பது. வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை மின்கம்பம் நாற்பத்து நான்கு (ஒன்று சாய்ந்திருக்கிறது, அதையும் சேர்த்துத்தான்). அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் எண்களைக் கூட்டியும் பெருக்கியும் சம்பளம் வாங்கியவன். எண்ணிக்கை சரியாக இருந்தால் காரியமும் சரியாக இருக்கும் என்று ஐம்பத்து மூன்று வயது வரை நம்பினேன்.

என் மனைவி சரோஜா பள்ளிக்கூட ஆசிரியை. திருவண்ணாமலையில் வீடு, கீழ்பென்னாத்தூரில் வேலை. ஒன்பது வருடம் தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். என் கணக்குப்படி 3,960 தடவை. அதில் உட்கார இடம் கிடைத்தது எத்தனை என்று ஒருமுறை கேட்டேன். அன்று ராத்திரி தோசைக்குச் சட்னி வரவில்லை.

டவுனுக்கு மாற்றல் கிடைத்தால் பௌர்ணமியன்று கிரிவலம் வருகிற நூற்றெட்டுப் பேருக்கு வயிறு நிறையச் சாப்பாடு போடுவதாக அவள் அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். அந்த மே மாதக் கடைசியில் மாற்றல் உத்தரவு வந்தது. திங்கட்கிழமை புதுப் பள்ளியில் சேர வேண்டும். அதற்கு முன்னால் சனிக்கிழமை பௌர்ணமி. எங்கள் தெரு போய் முடிகிற இடமே கிரிவலப் பாதை. எல்லாம் கூடி வந்தது. நான் குறுக்கே போகாமல் இருந்திருந்தால் கூடியே இருந்திருக்கும்.

சமையல் மாஸ்டர் கோவிந்தனை வரவழைத்தோம். கல்யாண வீடுகளில் சமைக்கிறவர். முந்நூற்று ஐம்பது ரூபாய் கேட்டார்.

"சாமானும் நாங்களே வாங்கித் தர்றோம், விறகும் எங்களுது. கிண்டுறதுக்கு மட்டும் முந்நூத்தி அம்பதா?" என்றேன்.

"கிண்டுறதுக்கு அம்பது ரூபா சார். எப்ப நிறுத்தணும்னு தெரியறதுக்கு முந்நூறு" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாலு பேருக்குச் சமைக்கிற அளவு தெரிந்தால் நாலாயிரம் பேருக்கும் தெரிந்த மாதிரிதானே, பெருக்கினால் போயிற்று என்று அவருக்கே பாடம் நடத்தினேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, "அப்டி பெருக்க வராதுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் மொபெட்டில் போய்விட்டார்.

புளிசாதம் என்று முடிவு செய்தவனும் நானே. கெடாது, சிந்தாது, செலவு கம்மி.

வியாழக்கிழமை காலை சரோஜாவை மாதிரிக்குக் கால் கிலோ அரிசியில் புளிசாதம் செய்யச் சொல்லி, நோட்டும் கையுமாக அடுக்களை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அரிசி கால் கிலோ. தண்ணீர் ஒன்றரை லிட்டர். மிளகாய் எட்டு. உப்பை அவள் கையால் அள்ளிப் போடப் போனாள். தடுத்து, மளிகைக் கடையில் இரவல் வாங்கிய தராசை நீட்டினேன்.

"ஒரு கை உப்புங்க."

"அதான் ஒரு கைன்னா எத்தனை கிராம்?"

"கையையே வெட்டிக் குடுத்துடறேன், எடை போட்டுக்கிறீங்களா?"

மூன்று தடவை அள்ளச் சொல்லி, நிறுத்து, சராசரி எடுத்தேன். அந்தச் சமயம் வாசலில் காஸ் சிலிண்டர் வந்தது. போய்ப் பணம் கொடுத்து, சில்லறையை இரண்டு தடவை எண்ணிவிட்டுத் திரும்ப ஆறு நிமிடம் ஆயிற்று. வந்து பார்த்தால் பாத்திரத்தில் சாதம் பொலபொலவென்று நின்றது. தண்ணீரைக் காணோம். 'தண்ணீர் வற்ற: 6 நிமிடம்' என்று எழுதிக்கொண்டேன்.

மொத்தம் பதினைந்து கிலோ அரிசி. கால் கிலோவுக்கு அறுபது மடங்கு. எல்லாவற்றையும் அறுபதால் பெருக்கினேன். தண்ணீர் தொண்ணூறு லிட்டர். மிளகாய் நானூற்று எண்பது. நேரத்தையும் பெருக்கிப் பார்த்தேன். சாதம் வேகப் பதினைந்து மணி நேரம் என்று வந்தது. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நேரத்தை மட்டும் பெருக்கக் கூடாது போலிருக்கிறது என்று அடித்துவிட்டு மேலே போனேன்.

சனிக்கிழமை காலை சரோஜா பழைய பள்ளியில் கணக்கு ஒப்படைக்கக் கீழ்பென்னாத்தூர் போனாள். போகும்போது, "நான் சாயங்காலம் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்களேன். வந்து நானே வெச்சிடறேன்" என்றாள். கேட்டேனா? அவளுக்கு ஆச்சரியம் கொடுக்க நினைத்தேன். (கொடுத்தேன்.)

துணைக்கு அவள் தம்பி தனபால் வந்திருந்தான். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை வியாபாரம். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். சமையலில் எனக்குச் சமமானவன். வீட்டை ஒட்டிய காலி மனையில் கல் அடுப்புக் கூட்டி, இரண்டு வாடகை அண்டாக்களை ஏற்றினோம். நான் மிளகாயை ஒவ்வொன்றாக எண்ணினேன். நெடியில் தனபால் பதினேழு தடவை தும்மினான்.

தண்ணீரை ஊற்ற ஊற்ற அவன் முகம் மாறியது.

"மாமா, தண்ணி ஜாஸ்தியாத் தெரியலயா?"

"கணக்கு இருக்கு தனபாலு."

"கணக்கு இருக்கு மாமா. அண்டாவுல எடம் இல்லியே."

அரிசி கொதித்தது. வெந்தது. என் நோட்டுப்படி ஆறு நிமிடத்தில் தண்ணீர் வற்ற வேண்டும். நின்று பார்த்தேன். ஆறு, பன்னிரண்டு, முப்பது. வற்றவில்லை. விறகைக் கூட்டினேன். தண்ணீர் வற்றுவதற்குப் பதிலாக அரிசி வற்றியது. ஒரு மணி நேரம் கழித்துக் கரண்டியை விட்டால் பருக்கை என்று சொல்லிக்கொள்ள எதுவும் மாட்டவில்லை. வெள்ளையடிக்கக் கரைத்து வைத்த சுண்ணாம்பு மாதிரி இரண்டு அண்டாவும் 'பொளக், பொளக்' என்று பேசின.

"மாமா, எதுக்கும் அந்த மாஸ்டரை..."

"புளிக்காய்ச்சலை ஊத்தினா இறுகிடும்" என்றேன். (ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்காதீர்கள். பதின்மூன்று வருடமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.) ஊற்றினேன். நிறம் மட்டும் மாறியது.

சரோஜா வந்தபோது மணி மூன்று நாற்பது. பையைக்கூட இறக்காமல் நேரே காலி மனைக்கு வந்தாள்.

"என்னாங்க இது?"

"புளிசாதம்."

"சாதம் எங்க?"

"உள்ளதான் இருக்கு."

கரண்டியால் ஒரு துழாவு துழாவினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "கஞ்சி வடிச்சீங்களா?"

"வடிக்கிறதா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தினமும் காலையில உப்புப் போட்டு ஒரு சொம்பு குடிக்கிறீங்களே, அது எங்கேர்ந்து வருதுன்னு நெனச்சீங்க?"

அப்போதுதான் புரிந்தது. நான் சிலிண்டருக்குப் பணம் எண்ணிக்கொண்டிருந்த ஆறு நிமிடத்தில் அவள் சாதத்தை வடித்திருக்கிறாள். உள்ளே போன தண்ணீரை எழுதிய நான், வெளியே வந்த தண்ணீரை எழுதவில்லை. அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா இந்தத் தப்பைச் செய்திருந்தால் அவனை மூன்று பக்கத்துக்கு விளக்கம் எழுத வைத்திருப்பேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒம்போது வருசம்ங்க. மழையில நின்னு, கம்பியில தொங்கிட்டு போயிட்டு வந்தேன். கேட்டதக் குடுத்துட்டாரு அவரு. ஒரு வேளைச் சோறு போடறேன்னு சொன்னேன், அதுவும் இப்டி ஆயிடுச்சு. திங்கக்கெழம போயி நின்னா, ஆர்டர் கேன்சல்னு சொல்லிட்டா?"

வேண்டுதலுக்கும் மாற்றல் உத்தரவுக்கும் அலுவலக ரீதியில் சம்பந்தம் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். தனபால் என் காலை மிதித்தான். நல்ல காரியம் செய்தான். பிறகு அவனே சைக்கிளை எடுத்துக்கொண்டு மாஸ்டரைத் தேடிப் போனான்.

நாலு இருபத்தைந்துக்குக் கோவிந்தன் வந்தார். "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்வார், தலையைக் குனிந்துகொள்ளலாம் என்று தயாராக இருந்தேன். அவர் கரண்டியில் மொண்டு, உயரத் தூக்கி, ஒழுகவிட்டுப் பார்த்தார்.

"நல்ல அரிசி சார். பாவம்" என்றார்.

பிறகு சரோஜாவைப் பார்த்து, "வேண்டிக்கிட்டப்ப புளிசாதம்னு சொன்னீங்களாம்மா, சாப்பாடுன்னு சொன்னீங்களா?"

"சாப்பாடுன்னுதான். புளிசாதமுன்னு முடிவு பண்ணது இவரு."

"அப்ப சாமி தப்பிச்சாரு. பருப்பு வாங்கியாரச் சொல்லுங்க. கத்திரிக்கா, கேரட்டு, முருங்கக்கா, சின்ன வெங்காயம், சாம்பார்ப் பொடி. புளி ஏற்கெனவே இருக்கு, தண்ணியும் இருக்கு. சாம்பார் சாதம் ஆக்கிடலாம்."

"பருப்பு எவ்வளவு?" என்று நோட்டை எடுத்தேன்.

"வாங்கியாங்க, பாத்துப் போடலாம்."

"பாத்துன்னா?"

"கண்ணால சார்."

அவர் கண்ணுக்கு ஆறு கிலோ தேவைப்பட்டது. வாடகைக்கு இன்னொரு அண்டாவும் தேவைப்பட்டது. ஆறே காலுக்கு நெய் வாசனை தெருமுனை வரை போயிற்று. பாதையில் நடந்துகொண்டிருந்தவர்கள் எங்கள் தெருவைப் பார்த்துக் கழுத்தைத் திருப்பினார்கள். முதல் தொன்னையைச் சரோஜா தன் கையால் ஓர் அம்மாளுக்குக் கொடுத்தாள். அந்த அம்மாள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, நகராமல் அங்கேயே நின்று மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் சரோஜாவின் முகம் தெளிந்தது.

ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு நூற்றெட்டு. நான் கையை உயர்த்தி, "நூத்தியெட்டு ஆச்சு, நிறுத்தலாம்" என்று அறிவித்தேன்.

சரோஜா அண்டாக்களை எட்டிப் பார்த்தாள். முக்கால்வாசி அப்படியே இருந்தது.

"இருக்கிற வரைக்கும் போடுங்க மாஸ்டர்."

தொன்னை தீர்ந்தது. தையல் இலை தீர்ந்தது. ஆட்டோக்காரர்கள் டிபன் பாக்ஸ் மூடியில் வாங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சட்டியோடு வந்தார்கள். ஒரு பெரியவர் இரண்டாவது தடவை வந்து, "தனி ருசிங்க. யார் கை?" என்று கேட்டார். கோவிந்தன் என்னைக் காட்டி, "சார்தான் ஆரம்பிச்சு வெச்சாரு" என்றார். எட்டே முக்காலுக்கு அண்டா வழித்தபோது என் நோட்டில் முந்நூற்று அறுபத்தேழு பேர். (இரண்டு தடவை வந்தவர்களை ஒருவராகத்தான் எண்ணினேன்.) பேசிய முந்நூற்று ஐம்பதுக்கு மேல் அவர் ஒரு பைசா கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

திங்கட்கிழமை சரோஜா புதுப் பள்ளியில் சேர்ந்தாள். ஓய்வு பெறும் வரை அவளை யாரும் அங்கிருந்து அசைக்கவில்லை. "நான் நூத்தியெட்டுதான் சொன்னேன். அவரு முந்நூத்தி அறுபத்தேழு எடுத்துக்கிட்டாருன்னா அவருக்குப் புடிச்சிருக்குன்னுதானே அர்த்தம்?" என்றாள். என் தவறை அண்ணாமலையார் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டுவிட்டார். அடுத்த வைகாசி வந்தபோது தெருமுனை ஆட்டோக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். "சார், சாம்பார் சாதம் உண்டா?" அவ்வளவுதான், அது வருடாந்திரம் ஆகிவிட்டது.

அடுப்பிலிருந்து பத்தடி தள்ளி எனக்கு ஒரு நாற்காலி. வேலை, தொன்னை எண்ணுவது. வீட்டில் நான் எந்தக் கணக்கைப் போட்டு முடித்து நிமிர்ந்தாலும், மின்சாரக் கட்டணமோ மகள் கல்யாணத்து விருந்தாளிப் பட்டியலோ, யாராவது ஒருவர் கேட்பார்கள்: "வடிச்சாச்சா?" தனபால் ஆரம்பித்து வைத்தது. இப்போது மாப்பிள்ளையும் கேட்கிறார்; மரியாதையாக, "வடிச்சாச்சுங்களா மாமா?" என்று.

இந்த வைகாசியோடு பதினான்கு பௌர்ணமி. அரிசி, பருப்பு, காய், நெய், விறகு, அண்டா வாடகை, தொன்னை, கோவிந்தன் கூலி எல்லாம் சேர்த்து இதுவரை ஆன செலவு ரூபாய் அறுபத்தோராயிரத்து நானூற்று எழுபத்தைந்து. வடித்துவிட்டேன்.