"மூணாவது முடிச்சு எங்கடி?"

கல்யாணத்தில் இரண்டு கையிலும் ஏதாவது வைத்துக்கொண்டு நிற்கிற பொம்பளையை நம்பக் கூடாது. இதை நான் அடித்துச் சொல்வேன். அந்தப் பொம்பளையே நான்தான்.

எனக்கு எழுபத்தொரு வயது. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை போனேன். கையெழுத்துப் போடுவேன், ஊர்ப் பெயர் பார்த்து பஸ் ஏறுவேன். (தப்பான பஸ்ஸில் இரண்டே தடவைதான் ஏறியிருக்கிறேன். இரண்டாவது தடவை பஸ் மேல்தான் தப்பு.) ஆனால் வேலையில் என்னை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் உரம் போட்டவள் நான். வாளியை இடுப்பில் அணைத்து, கிண்ணத்தால் அள்ளி, மரத்தைச் சுற்றி ஒரே வீச்சு. அதுவும் இடக்கையால். "செல்லம்மா வீசுறத பாருங்க, சல்லடையில சலிச்ச மாதிரி விழுது" என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் புதிதாக வருகிறவர்களுக்கு என்னைத்தான் காட்டுவார். அந்த இடக்கையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கடைசி மகன் சேகருக்கு முப்பத்தொன்பது வயதில் கல்யாணம் கூடி வந்தது. பெண் தர்ஷினி, ஊர் புஞ்சாக் ஆலாம். புக்கிட் ரோத்தானில் எங்கள் கோயில் மண்டபத்தில் ஏற்பாடு. சேகரைப் பெற்றது நான். நான் வேலைக்கு ஓடிய காலத்தில் குளிப்பாட்டி, ஊட்டி, அடித்து, அணைத்து வளர்த்தது என் அக்கா முனியம்மா. அவளுக்குப் பிள்ளை இல்லை. அவன் கல்யாணத்துக்கென்று பட்டுச்சேலை எடுத்து வைத்துக் காத்திருந்தவள், பத்து நாள் இருக்கும்போது சுங்கை பெசாரில் தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். படுக்கையை விட்டு அசையக் கூடாது என்றுவிட்டார் டாக்டர்.

"தேதிய தள்ளி வச்சிரலாம் பெரியம்மா" என்றான் சேகர்.

"முப்பத்தொம்பது வயசுல தள்ளி வைக்கிறானாம்! இன்னும் தள்ளுனா உன்னையும் என்னைய மாதிரி நாலு பேரு தூக்கிட்டுப் போயித்தான் மணவறையில உக்கார வைக்கணும். போடா, போயி கட்டு. எனக்கு ஹேண்ட்போன்ல காட்டுங்க. மூணு முடிச்சையும் என் கண்ணால பாத்து எண்ணணும். அது போதும் எனக்கு."

முடிச்சு விஷயத்தில் அக்காவுக்கு ஒரு பழைய கோபம். எங்கள் வழக்கத்தில் முதல் இரண்டு முடிச்சு மாப்பிள்ளை போடுவார். மூன்றாவதை மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் போடுவாள். என் கல்யாணத்தில் என் நாத்தனார் போட்ட மூன்றாவது முடிச்சு, பந்தியில் நான் இலைக்குக் குனிந்த நேரம் அவிழ்ந்துபோனது. அதிலிருந்து ஐம்பது வருஷமாக என் வீட்டில் கூரை ஒழுகினாலும், என் வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் லோரி ஏறிப் போனாலும், "எல்லாம் அந்த மூணாவது முடிச்சு" என்பாள் அக்கா.

இந்தத் தடவை முடிச்சுப் போடப் போகிறவள் என் மகள் வள்ளி. அவள்தான் சொன்னாள், "அம்மா, வீடியோக்காரர்கிட்ட சொன்னா அவரே பெரியம்மாவுக்குக் காட்டிருவாருலா."

"ஏன், எனக்குக் கையில்லையா?" என்றேன். மாப்பிள்ளையைப் பெற்றவள், மணவறைக்குப் பக்கத்திலேயே நிற்கப் போகிறவள். என்னைவிடக் கிட்டத்தில் யார் நிற்க முடியும்?

அக்காவும் கெஞ்சிப் பார்த்தாள். "செல்லம், நீ வேணாம்டி. வேற யார்கிட்டயாவது குடு." அவள் அப்படிச் சொன்னதால்தான் நான் பிடிவாதமாக நின்றேன்.

மூன்று நாள் பழகினேன். முதல் நாள் அரை மணி நேரம் அக்காவுக்கு என் மூக்கு ஓட்டை மட்டும்தான் தெரிந்ததாம். இரண்டாம் நாள் வள்ளி எங்கேயோ அமுக்கி, போனின் கண்ணை அந்தப் பக்கம் திருப்பக் கற்றுக் கொடுத்தாள். மூன்றாம் நாள் வாசலில் மேய்ந்த கோழிகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"நல்லா தெரியுதாக்கா?"

"ரொம்ப நல்லா தெரியுது. மொத நாள் காட்டுனதுக்கு இது எவ்வளவோ மேலு."

கல்யாணத்தன்று பெரிய யோசனை பண்ணித்தான் நின்றேன். போன் ஆடாமல் இருக்க வேண்டும், அதனால் அது பலமான இடக்கையில். அட்சதை நல்ல காரியம், அதனால் அது வலக்கையில். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

"தூணைக் காட்டாதடி, ஆளைக் காட்டு" என்றது போன். "அந்தக் குத்துவிளக்கு ஏன் சாஞ்சு நிக்குது? ஓ, நீதான் சாஞ்சு நிக்கிறியா. சேகர் ஏண்டி இப்படி வேர்த்து ஊத்துறான்? ஒரு துண்டு குடுங்களேன்." அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. "என் புள்ள" என்றாள். அவ்வளவுதான், எனக்கும் கண் நிறைந்து எல்லாம் மங்கலாகிவிட்டது.

குருக்கள் தாலியை எடுத்துக் கொடுத்தார். "கெட்டிமேளம்!" என்று யாரோ கத்தினார்கள். மேளம் முழங்கியது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கையை ஓங்கினார்கள். நானும் ஓங்கினேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை என்னைக் கேட்கவில்லை.

போனது இடக்கை.

அப்படி ஒரு வீச்சு! போன் சேகரின் தலைப்பாகையை உரசிக்கொண்டு பறந்து, தர்ஷினியின் முதுகுக்குப் பின்னால் மணவறைத் திண்டில் தொப்பென்று விழுந்தது. (வலக்கையில் இருந்த அட்சதையில் ஒரு மணி கூடச் சிந்தவில்லை.) பின்னால் முடிச்சுக்குக் காத்திருந்த வள்ளி, "ஐயோ, வௌவாலு!" என்று அலறி இரண்டு படி கீழே குதித்துவிட்டாள். சேகர் எதையும் கவனிக்கவில்லை. முப்பத்தொன்பது வருஷம் காத்திருந்தவன், மண்டபமே இடிந்தாலும் திரும்பியிருக்க மாட்டான்.

மேளச் சத்தம், பூ, அரிசி, ஆளுக்கு ஆள் முண்டியடிப்பு. நான் மட்டும் மரம் மாதிரி நின்றேன். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அதைக் கூட நான் வீசி எறிந்துவிட்டேன். இனி எந்த முகத்தோடு சுங்கை பெசாருக்குப் போவேன்?

மேளம் நின்றது. சேகர் குங்குமத்தில் விரலை வைத்தான். அப்போது மணப்பெண்ணின் முதுகுப் பக்கமிருந்து ஒரு குரல் கணீரென்று கிளம்பியது.

"மூணாவது முடிச்சு எங்கடி?"

குருக்கள் கை அந்தரத்தில் நின்றது. முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "அம்மன் வந்துட்டா" என்றது ஒரு குரல். தர்ஷினி, பாவம், வாயைத் திறக்காமலே தனக்குள்ளிருந்து பேச்சு வருகிறதே என்று கண்ணை உருட்டிக்கொண்டு விறைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா என்னிடம் குனிந்து, "எங்க பொண்ணுக்கு இதுக்கு முன்ன இப்படியெல்லாம் வந்ததில்லைங்க சம்பந்தி" என்றார்.

"ரெண்டுதான் போட்டிருக்கு!" என்றது குரல் மறுபடியும். "நான் எண்ணிட்டுத்தான் இருக்கேன். வள்ளி எங்க போயித் தொலைஞ்சா?"

"பெரியம்மா!" என்று சேகர் துள்ளினான். அவன் சிரித்தானா அழுதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். போன் திண்டில் குப்புற விழுந்து, முதுகுப் பக்கத்துக் கண்ணை மேலே வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. தர்ஷினியின் பின்கழுத்து அக்காவுக்கு ஒரு முழத்தில். நாங்கள் முந்நூறு பேர் பார்க்காததை, படுக்கையில் கிடந்தவள் பார்த்துவிட்டாள்.

வள்ளி ஓடி வந்து முடிச்சில் கை வைத்தாள். "இறுக்கு" என்றது திண்டு. "இன்னும் இறுக்கு. உங்கம்மாவுக்குப் போட்ட மாதிரி போட்டுத் தொலைக்காத. ஆங்... மூணு!"

மறுபடியும் கெட்டிமேளம் கேட்டார்கள். குருக்கள் என் இரண்டு கையையும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் மேளக்காரருக்குத் தலையாட்டினார். நான் வலக்கையால் அட்சதை போட்டேன். அது குறி தப்பி, பக்கத்தில் நின்ற சம்பந்தி வாய்க்குள் போனது வேறு கதை.

கல்யாண வீடியோவில் என் போன் பறப்பதை வீடியோக்காரர் மெதுவாக ஓட விட்டு, பாட்டும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். விருந்தாளி யார் வந்தாலும் அதைத்தான் முதலில் போடுகிறார்கள். எங்கள் வீட்டில் சமையல் பாதியில் நின்றாலும், பாத்திரம் பாதி கழுவிக் கிடந்தாலும், தர்ஷினியே கேட்கிறாள்: "மூணாவது முடிச்சு எங்கடி?" (மாமியாரை 'டி' போடலாமா என்று நான் கேட்டேன். அது பெரியம்மா வாக்கு, மாற்றக் கூடாதாம்.)

அக்கா இப்போது கம்பு ஊன்றி நடக்கிறாள். வருகிற தை மாதம் வள்ளி மகளுக்குக் கல்யாணம். போன வாரம் அழைக்கப் போனேன். முன்வரிசையில், மணவறைக்கு நேராக, அவளுக்கென்று மெத்தை வைத்த நாற்காலி போடுவதாகச் சொன்னேன்.

வெற்றிலையை ஒரு பக்கக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள்.

"வேணாம்டி செல்லம். முன்னால உக்காந்தா என்ன தெரியும்? நான் வீட்லயே இருக்கேன். நீ தூக்கிப் போடு."