கப்பலில் காவலுக்கு நின்ற மாமா

அரபிக்கடல்,
எஞ்சின் ரூம் மேஜை,
கொச்சிக்கு இன்னும் மூன்று நாள்.

மார்க்கையன்கோட்டை மாமா திரு. கருத்தக்கண்ணன் அவர்களின் சமூகத்திற்கு, பங்குனியில் தங்கள் மகள் உமாதேவியைப் பெண் பார்த்து, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு கப்பலேறிய பண்ணைப்புரம் ஈஸ்வரபாண்டி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே கப்பல் சுகம், எஞ்சின் சுகம், இரண்டையும் விட நான் சுகம். அங்கே தாங்களும் அத்தையும் வாழைத்தோப்பும் நலமாக இருக்கச் சுருளி வேலப்பர் துணை.

நான் செய்த பதினேழு போனையும் தாங்கள் எடுக்காததால் தரகர் ராக்கப்பன் அண்ணனைக் கேட்டேன். "கடல்ல கெடக்கறவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டு, கொள்ளக்காரன் புடிச்சானா விட்டானான்னு நான் தெனம் டிவி பாத்துக்கிட்டு ஒக்காரணுமான்னு கேக்குறாக. லோயர் கேம்ப் கரண்டு ஆபீஸ் மாப்ள வீட்டுல வெள்ளிக்கிழமை வர்றாக" என்றார். அந்த மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கன ரோட்டிலேயே யானை நிற்கிறது மாமா. எட்டு மாதமாக நான் கடலில் போய்க்கொண்டிருக்கிறேன், ஒரு யானைகூட எதிரே வந்ததில்லை. பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதென்றால் எல்லாவற்றையும் பேச வேண்டும்.

கொள்ளைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் சரக்கு ஏற்றிச் சோமாலியாப் பக்கம் வந்ததும், கப்பல் விளிம்புக் கம்பியோரம் ஆள் காவல் நிற்பதுபோல் பொம்மை வைக்கச் சொல்லிக் கேப்டன் உத்தரவு போட்டார். எல்லாக் கப்பலிலும் செய்வதுதான். பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் பாய்லர் சூட் என்கிற பழைய வேலை உடுப்புக்குள் கந்தலைத் திணித்துக் கட்டி நிறுத்தினார், அது துவைத்துக் காயப்போட்டதுபோல் தொங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. மக்காச்சோளக் காட்டில் பன்றிக்குப் பொம்மை கட்டின கை இது, நகருங்கள் என்று சொல்லி ஒரே நாளில் ஒன்பது பொம்மை கட்டினேன். எட்டு சாதாரணம். ஒன்பதாவதுக்கு வெள்ளைப் படுக்கை விரிப்பை வேட்டியாகக் கட்டி, தோளில் துண்டு போட்டு, தலைப்பாகை சுற்றி, கயிற்றைப் பிரித்து மீசை ஒட்டி, இடுப்பில் கை வைத்து நிறுத்தினேன். பெண் பார்க்க வந்த அன்று பஜ்ஜி சாப்பிடும்போது பாதியில் எழுந்து போய் மடைக்காரரைத் திட்டினீர்களே, அச்சு அசல் அதே நிலை. மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது, காவல் என்றதும் எனக்கு உங்க முகந்தான் ஞாபகம் வந்துச்சு.

அதில் ஒரு சின்னச் சிக்கல். கப்பலில் நாங்கள் இருபத்தொரு பேர். பயிற்சி மணி அடித்துத் தலை எண்ணினபோது சீஃப் ஆபீசர் இருபத்திரண்டு என்றார். டர்பனில் எவனோ திருட்டுத்தனமாக ஏறிவிட்டான் என்று இரண்டு மணி நேரம் சரக்கு அறை, அரிசி அறை, கக்கூஸ் எல்லாம் தேடினோம். கடைசியில் அவர் உங்களையும் சேத்து எண்ணியிருக்காரு. மறுநாள் கேப்டன் தூரத்திலிருந்து பார்த்து, ஹெல்மெட் போடாமல் ஒருவன் நிற்கிறானே, கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டேனென்கிறானே என்று மைக்கில் சத்தம் போட்டார். நீங்க அசரல. பிறகு நானே போய்த் தலைப்பாகையை எடுத்துவிட்டு ஹெல்மெட் மாட்டினேன்.

அதற்கடுத்த நாள் உண்மையிலேயே ஒரு படகு வந்தது. வேகமாக வந்தது, ஆறு பேர் இருந்தார்கள். கேப்டன் சொன்னபடி எல்லோரும் எஞ்சின் ரூமுக்குப் பின்னாலுள்ள இரும்பு அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டோம். சிலர் அழுதார்கள், நான் அவர்களுக்கு ஆறுதல் சொன்னேன். என் கால் கொஞ்சம் ஆடியதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது எஞ்சின் அதிர்வால் ஆடியது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் படகைக் காணோம். தங்கள் மீசையைப் பார்த்ததும் கொள்ளைக்காரர்கள் வந்த வழியே திரும்பிவிட்டார்கள். இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. கப்பல் ஆபத்தில்லாத இடம், தங்கள் வீட்டுக்கு ஏற்ற மாப்பிள்ளை நான்தான்.

நானே நேரில் வந்து சொல்லியிருப்பேன். சித்திரை வரை என்னை இறக்கிவிடக் கேப்டன் சம்மதிக்கவில்லை, நான் இல்லாவிட்டால் எஞ்சின் நின்றுவிடுமாம். எனவே கொச்சியில் இறங்கும் குமுளிக்காரர் ஜாய்ஸ் சேட்டன் வியாழக்கிழமை இந்தக் கடிதத்தைத் தங்கள் கையில் கொடுப்பார். தலை மொட்டையாக, மீசையில்லாமல் இருப்பார், பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். முதல் தடவை பூமத்திய ரேகையைத் தாண்டுகிறவனைப் பிடித்துச் சிரைத்துவிடுவது கப்பல் வழக்கம். அன்று தாங்கள் புகழ்ந்த என் மீசை பத்திரமாக இருக்கிறது. ஜாய்ஸ் தங்கமான மனுஷன், கூச்ச சுபாவம், பேச மாட்டார். அவரை உட்காரச் சொல்லி ஒரு காபி கொடுக்கவும். ஊர், பேர் என்று குடைய வேண்டாம். அத்தை வைக்கும் நாட்டுக்கோழிக் குழம்பு அவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பெரியவர்களுக்கு நமஸ்காரம், கன்றுக்குட்டிக்கு என் அன்பு, உமாதேவிக்கு எழுத வேண்டியதை மரியாதை கருதி எழுதவில்லை.

இப்படிக்கு,
தாங்கள் மனது வைத்தால் மாப்பிள்ளை,
ஈஸ்வரபாண்டி

பின்குறிப்பு: இதைக் கம்பம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜாய்ஸ் சேட்டன் குமுளியிலேயே இறங்கி அவர் வீட்டுக்குப் போய்விட்டார். நீங்க இதைப் படிக்கிறப்ப ஒங்க நாற்காலியில உக்காந்திருக்கிற மொட்டை நான்தான் மாமா. மீசையும் ரேகையில போயிருச்சு. கேப்டன் என்னைப் பிடித்து வைக்கவில்லை, நான்தான் இறக்கிவிடுங்க சாமின்னு அவர் கையைப் பிடித்தேன். படகில் வந்தவர்கள் மீன் பிடிக்கிறவர்கள். காலி கேனைத் தூக்கிக் காட்டிக் குடிதண்ணீர் கேட்டதைக் கேமராவில் பிறகு பார்த்தோம். பொம்மை பதில் சொல்லாததால் திட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எஞ்சின் அப்போது ஓடவில்லை, நாங்கள் இரும்பு அறைக்குள் போகுமுன்பே கேப்டன் நிறுத்தியிருந்தார். கால் தானாகத்தான் ஆடியது. டிவி பாத்துக்கிட்டு ஒக்காரணுமான்னு கேட்டீக, நியாயந்தான். ஆனா அந்த இரும்பு ரூமுக்குள்ள எனக்கு, நமக்காகவும் ஒருத்தி அப்படி ஒக்காந்திருக்க மாட்டாளான்னுதான் இருந்துச்சு. கொள்ளைக்காரனை விட வெள்ளிக்கிழமைக்குத்தான் அதிகம் பயந்தேன். நேரில் இதைச் சொல்ல வாய் வராது, அதனால்தான் கடிதம். சம்மதமில்லை என்றால், "ஜாய்ஸ் தம்பி, பஸ்சுக்கு நேரமாச்சு" என்று சொல்லுங்கள், ஜாய்ஸாகவே எழுந்து போய்விடுகிறேன். சம்மதம் என்றால் மாப்ள என்று ஒரு தரம் கூப்பிட்டால் போதும். உமாதேவியிடம் மட்டும் இப்போது போனில் சொன்னேன். "அப்பா என்ன சொல்லுவாகளோ தெரியாது, கோழி அடிச்சாச்சு" என்றாள்.