ஏணியிலிருந்து விழுந்தவன் அவர்களுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம், என் முட்டிவலியும் சௌக்கியம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகுட்டிகளும் நலமாக இருக்கவேண்டும். உன் கோபம் மட்டும் நலமாக இருக்கவேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை உன் போனுக்கு ஒரு செய்தி வந்ததாம். "அன்புள்ள ஏணியிலிருந்து விழுந்தவன் அவர்களுக்கு, தாங்கள் இரவல் பெற்ற ஊன்றுகோல் ஜோடி 6,205 நாட்களாகத் திருப்பித் தரப்படவில்லை, உடனே ஒப்படைக்கவும்" என்று. அதைப் படித்துவிட்டு, "என்னைத் திருடன்னு சொல்ற வீட்டு வாசப்படிய இனி மிதிக்கமாட்டேன்" என்று என் மகனிடம் கத்திவிட்டுப் போனை வைத்தாயாம். நான் மூன்று தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அடுத்த மாதம் என் பேத்தி பட்டம் வாங்குகிறாள். நீ வரமாட்டாய் என்று கேட்டதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "தாத்தா இனிமே எங்கூடப் பேசவே மாட்டாரா பாட்டி?" என்கிறாள். அதனால்தான் இந்த ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதுகிறேன். கிழிக்காமல் கடைசிவரை படி.

ஹேக்கத்தான் என்று ஒரு போட்டி. கல்லூரிப் பிள்ளைகள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெரிய கூடத்தில் உட்கார்ந்து, சேவைச் சங்கங்களுக்குக் கூலி வாங்காமல் மென்பொருள் எழுதித் தருவார்கள். எங்கே பார்த்தாலும் ஒயர், தாண்டித் தாண்டித்தான் நடக்கவேண்டும். என் பேத்தி நம் இரவல் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தாள். சக்கர நாற்காலி, ஊன்றுகோல், மடக்குக் கட்டில் எல்லாம் யார் யாரிடம் இருக்கிறது என்பதை இருபத்திரண்டு வருஷமாக நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன் இல்லையா, அதைக் கணினியில் ஏற்றப் போகிறாளாம். பெருமைதான், மறைப்பானேன். நோட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு நானே போனேன். முதல் பக்கத்திலேயே பிள்ளைகள் திகைத்துவிட்டார்கள். "இவங்க பேரு என்ன பாட்டி, வெறும் 'சிரிக்காத டீச்சர்'னு இருக்கு?" என்றாள் பேத்தி. "பேரு எதுக்குடி? ஊருல டீச்சர் நூறு பேரு. சிரிக்காத டீச்சர் ஒருத்திதான்" என்றேன். அப்படியே ஏற்றிவிட்டார்கள். நீ எப்படி 'ஏணியிலிருந்து விழுந்தவன்' ஆனாய் என்று இப்போது புரிகிறதா? பொய்யாக ஒன்றும் எழுதவில்லையே.

அது சின்னத் தப்பு. பெரிய தப்பு இனிமேல்தான். பொருள் திரும்பி வந்தால் நான் நோட்டில் எழுதுவதில்லை, அந்தப் பக்கத்தின் மூலையை மடித்துவிடுவேன். மடித்தால் வந்தாச்சு, மடிக்காவிட்டால் வரவில்லை, அவ்வளவுதான் கணக்கு. அதை நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு சுத்தக்காரப் பெண், பக்கங்களைப் படம் எடுக்கத் தோதாக இருக்கட்டும் என்று, இருநூற்றுப் பதினான்கு மூலைகளையும் ஸ்கேல் வைத்துத் தேய்த்து நிமிர்த்திவிட்டாள். "பாட்டி, உங்க நோட்டு எவ்வளவு கசங்கியிருந்துச்சு தெரியுமா!" என்று என்னிடமே காட்டினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் வேறொருத்தி சோதனை என்று நினைத்து ஒரு பொத்தானை அமுக்க, செய்தி எல்லாருக்கும் போயேவிட்டது. ஒப்படைக்க வேண்டிய இடம் என்று அந்தக் கூடத்தின் முகவரியையே வேறு போட்டிருந்தார்கள்.

ஒரு மணி நேரத்தில் வர ஆரம்பித்தார்கள் பார், முப்பத்தாறு பேர்! நடுவர்கள் முன்னால் பேத்தி விளக்கிக்கொண்டிருக்கும்போதே பிரெட் கடைக்காரர் மேடையேறி, "நான் அப்பவே குடுத்தாச்சும்மா, காலப் பாருங்க" என்று மூன்று குதி குதித்தார். அதுவும் விளக்கத்தில் சேர்த்தி என்று நடுவர்கள் கைதட்டினார்கள். டீச்சர் போனை நீட்டி, "முப்பது வருஷமா முதுகுக்குப் பின்னாடி சொன்னீங்க, இப்பத்தான் நேர்ல எழுதியிருக்கீங்க" என்று சொல்லி, சிரித்தே விட்டார்! சண்டைக்கு வந்தவர்கள் எல்லாம் சுவரோரம் உட்கார்ந்து, எந்தக் கால், எந்த வருஷம், யார் கட்டிலைத் தூக்கி வந்தது என்று பேசிக்கொண்டிருந்தோம். பாதிப் பேரை நான் பார்த்தே பத்து வருஷம் இருக்கும். மூன்றாம் பரிசுதான் கிடைத்தது. முதல் பரிசு வாங்கிய மென்பொருளைத் தேடி ஒரு ஆள்கூட வரவில்லை, எது பெரியது என்று நீயே சொல்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது உன் ஞாபகம்தான். மாவுக்கட்டோடு நீ என் வீட்டு மாடியறையில் கிடந்த அந்த நாற்பது நாள். எனக்குக் கல்யாணம் ஆனபிறகு நாம் ஒரே கூரைக்கடியில் இருந்தது அப்போது மட்டும்தானேடா. சீட்டாட்டத்தில் நீ திருடுவாய், நான் பார்க்காத மாதிரி இருப்பேன். அரிக்கிறது என்று மாவுக்கட்டுக்குள் என் பின்னல் ஊசியை விட்டு, அதையும் உள்ளேயே தொலைத்தாய். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலி, உனக்குக் கால் வலி. நீ அந்த இரண்டு கட்டைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நொண்டாமல், வாசலில் நின்றது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. நீ திருப்பிக் கொடுத்ததற்கு நானே சாட்சி. நீ சொக்கத் தங்கம். தப்பு முழுக்க எங்கள் பக்கம். பேத்தி போனில் மன்னிப்புக் கேட்பாள், எடுத்துப் பேசு.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. நூறு வயது இரு, ஏணிப் பக்கம் மட்டும் போகாதே.

உன்மேல் என்றும் பாசமுள்ள,
அக்கா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குமுன் மனசு கேட்காமல் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என்னதான் நிமிர்த்தினாலும் மடித்த மூலையில் கோடு தெரிகிறது. உன் பக்கத்தில் கோடே இல்லையடா. யோசித்துப் பார்த்தால், நீ கட்டைகளோடு வாசலில் நின்றது கொடுக்க வந்த நாள் இல்லை, பஸ் ஏறிப் போன நாள். நான்தான் அழுதுகொண்டே கையாட்டினேன், கட்டையை வாங்கத் தோன்றவில்லை. செய்தி சரிதான், பேத்தி மன்னிப்புக் கேட்கமாட்டாள். உன் வீட்டுப் பரணில் தேடு. பார்சலில் அனுப்பினால் வாங்கமாட்டோம், கடன் வாங்கியவர் நேரில்தான் வரவேண்டும் என்று இன்று காலை சங்கத்தில் நானே விதி போட்டிருக்கிறேன். மாடியறையைப் பெருக்கி வைத்தாயிற்று.