குற்றாலத்தில் அப்பளம் காயவைத்தவன்

என் யோசனையைக் கேட்டு உருப்பட்டவர்கள் என்று இதுவரை ஒருவரும் இல்லை. உருப்படாமல் போனவர்களில் முதல் ஆள் என் அம்மா. அவள் இறந்து நாற்பது நாள்தான் ஆகிறது. இந்த நேரத்தில் சிரிப்புக் கதை எழுதலாமா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அவளை நினைத்தால் முதலில் வருவது இந்தக் கதைதான். அழுகை அதற்குப் பின்னால்தான் வருகிறது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. (அதுலேயே ரெண்டு வருசம் இருந்தேன். கூட்டிப் பார்த்தா ஆறாப்புன்னு சொல்லலாம்.) அப்பா நான் சிறுவனாக இருக்கும்போதே போய்விட்டார். கீழப்பாவூரில் ஒரு வாடகை வீட்டில் அம்மா அப்பளம் தேய்த்து, கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்று, என்னையும் பகவதி அக்காவையும் வளர்த்தாள். எனக்குப் பத்தொன்பது வயதானபோது தென்காசியில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் வேலை கிடைத்தது. அதே சமயம் அம்மாவுக்கும் ஒரு நல்ல காலம் எட்டிப் பார்த்தது. தென்காசியில் கல்யாணச் சமையல் செய்யும் தவசிப்பிள்ளை ஒருவர், ஆனி மாதக் கல்யாணம் ஒன்றுக்கு ஆயிரம் அப்பளம் கேட்டிருந்தார்.

"இது மட்டும் நல்லாப் பொரிஞ்சிட்டுன்னு வச்சுக்கோ தாயி, இனி நான் கரண்டி பிடிக்கிற கல்யாணத்துக்கெல்லாம் உன் அப்பளந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு அது முதல் கல்யாண ஆர்டர். கூடையைத் தலையிலிருந்து இறக்குவதற்கு அவளுக்குக் கிடைத்த ஒரே வழியும் அதுதான். அன்று ராத்திரி அவள் சோறே சாப்பிடவில்லை, சந்தோஷத்தில்.

சரி, ஊர் மாறுவது என்று முடிவாயிற்று. எந்த ஊர் என்பதுதான் கேள்வி. இரண்டு வீடுகள் வந்தன. ஒன்று தென்காசியில், மைதீன் பாய் என்ற துணி வியாபாரியின் வீட்டு மாடி. இரண்டு அறை, மேலே அகலமான தட்டட்டி, அதாவது மொட்டை மாடி. அங்கே நின்றால் இடி விழுந்து பிளந்த பெரிய கோவில் கோபுரம் நேர் எதிரே தெரியும். கீழே சந்து, சாக்கடை, நாள் முழுக்க வண்டிச் சத்தம். இன்னொன்று குற்றாலத்தில், மதுரைப் பக்கத்து முதலாளி ஒருவரின் பங்களாவுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த வேலைக்காரர் வீடு. காவல்காரர் மாடசாமி அண்ணாச்சி, முதலாளியிடம் கேட்டு வாங்கித் தருவதாகச் சொன்னார். பெரிய ஊரா, பணக்கார ஊரா? நடுவே மூன்று மைல்தான். ஆனால் எனக்கு அது மெட்ராசுக்கும் சீமைக்கும் உள்ள தூரமாகப் பட்டது.

நான் குற்றாலத்தைப் போய்ப் பார்த்தது பங்குனி மாதம். அருவியில் தண்ணீர் நூல்கூட இல்லை. பாறையில் கால் வைத்தால் சுட்டது. பங்களா முற்றம் முழுக்கச் சிமெண்டு. வெயில் அதில் விழுந்து பளபளவென்று அடித்தது. ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"எம்மா, குத்தாலந்தான். அங்கன உள்ள முத்தத்துல அப்பளத்தைப் போட்டா காயாது, பொரிஞ்சே போயிரும்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏலே, ஆனியில சீசன் வருமே. சாரல்ல எப்பிடிலே காயும்?"

"சாரல் என்ன சாரல்? நாலு தூத்தல். அதுக்கா பயப்படுத?"

"ஊரு உலகமே நனையுததுக்குத்தான் அங்க போகுது. நாம காயப்போடப் போகணுமாங்கேன்" என்றாள் பகவதி அக்கா.

நான் விடவில்லை. உண்மையான காரணத்தை இப்போது சொல்வதில் வெட்கமில்லை. சைக்கிள் கடைக்கு வருகிறவர்கள், "வீடு எங்கனப்பா?" என்று கேட்டால், "குத்தாலத்துல, பங்களாவுல" என்று சொல்ல வேண்டும். (பங்களாவுக்குப் பின்னாலன்னு யாரு கேக்கப் போறா?) இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். வீட்டில் ஒரே ஆம்பிளை பட்டினி கிடந்தால் அம்மா என்ன செய்வாள்? "சரி, உன் இஷ்டம்" என்றாள். மைதீன் பாயிடம் அவளே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர், "ஒண்ணுமில்லம்மா, வீடு அங்கனதான் இருக்கும்" என்றாராம்.

சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் நான்தான் ராஜா. அப்பளம் காய்ந்தது. நானும் கடையில் நிமிர்ந்து நடந்தேன். கடை முதலாளிகூட ஒருநாள் என்னை, "என்ன, பங்களாக்காரரே" என்றார். அது கிண்டல் என்று ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்தது.

வைகாசி முடிய ஒருநாள் காலையில் மலை மேல் மேகம் இறங்கியது. அதற்குப் பிறகு சூரியனை நாங்கள் பார்க்கவில்லை. சாரல் என்றால் மழை மாதிரி பெய்து ஓயாது. காற்றிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். உப்புச் சாடியில் தண்ணீர் நின்றது. தீப்பெட்டியில் இருபது குச்சி கிழித்தால் ஒன்று பற்றியது. வெளியூர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு, "ஆகா, என்ன சுகம்!" என்று அருவிக்கு ஓடினார்கள். அம்மா வாசலில் நின்று அவர்களை முறைத்துக்கொண்டிருந்தாள். முதலில் தேய்த்த முந்நூறு அப்பளமும் பச்சைப் பூசணம் பூத்தது. அதை வெளியே கொட்டினால் குரங்குகூட எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போயிற்று.

கல்யாணத்துக்கு நாலு நாள். அம்மாவும் அக்காவும் ராத்திரி பகலாக ஆயிரம் அப்பளம் தேய்த்து வைத்துவிட்டார்கள். காயவைக்க இடமில்லை. அம்மா வாயைத் திறந்து ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. பிரண்டைச் சாறு பட்டு அரித்த கையைச் சொறிந்துகொண்டு, ஈர அப்பளத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த நேரத்தில்தான் என் மண்டையில் அந்த யோசனை உதித்தது.

பங்களாவுக்குள் ஃபேன் இருக்கிறது! நடுக் கூடத்தில் இரண்டு, படுக்கை அறையில் ஒன்று.

மாடசாமி அண்ணாச்சியைப் பிடித்தேன். அவர் முதலில் நடுங்கினார். "ஏலே, முதலாளி வந்துட்டாருன்னா?"

"வாரதுக்கு முன்ன கடுதாசி போடுவாருல்லா அண்ணாச்சி? கடுதாசி வந்துச்சா?"

"வரலியே."

"பெறகென்ன?"

அண்ணாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பங்களாவுக்கு வரும் கடிதத்தைத் தபால்காரர் என்னிடம்தான் கொடுப்பார், வாசித்துச் சொல்ல. கடிதம் வந்திருந்தது. நாலு நாளைக்கு முன்பே வந்திருந்தது. வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். சட்டை நனைந்திருந்ததால் கழற்றிக் கொடியில் போட்டேன். காய்ந்ததும் எடுத்துப் போட்டுக்கொள்ளும்போது வாசிக்கலாம் என்று நினைத்தேன். சட்டை காயவே இல்லை. நானும் மறந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பங்களாவைத் திறந்தோம். சோபா மேல் பழைய வேட்டி விரித்து அப்பளம். கட்டில் மேல் அப்பளம். சாப்பாட்டு மேஜையில், முதலாளியின் சாய்வு நாற்காலியில், அவருடைய அப்பா படத்துக்குக் கீழே இருந்த பெட்டி மேல், எங்கே பார்த்தாலும் அப்பளம். ஃபேன் மெதுவாகச் சுற்றியது.

"இப்பிடியே மெள்ள ஓடட்டும்லே" என்றாள் அம்மா. அவள் முகத்தில் பத்து நாளைக்குப் பிறகு கொஞ்சம் உயிர் வந்திருந்தது. அத்தோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். மத்தியானம் அவள் அசந்த நேரத்தில், மூன்று ஃபேனையும் கடைசி எண்ணுக்குத் திருப்பிவிட்டேன். சீக்கிரம் காயட்டுமே! (பஞ்சர் ஒட்டுதவனுக்குக் கரண்ட்டைப் பத்தி என்ன தெரியும்?)

ஈரம் போகப் போக அப்பளத்தின் ஓரம் சுருண்டு மேலே எழும்பியது. கனம் குறைந்தது. ஒன்றிரண்டு மெல்ல நகர்ந்து பார்த்தன. அப்போதுதான் வாசலில் பிளசர் காரின் சத்தம் கேட்டது.

முதலாளி தனியாக வரவில்லை. தன் மகளைக் கொடுக்கப்போகிற புதுச் சம்பந்தி வீட்டாரையும் அழைத்து வந்திருந்தார், தன் குற்றாலம் பங்களாவைக் காட்டுவதற்கு. "வாங்க, வாங்க, நம்ம பங்களா" என்று இரண்டு கதவையும் அகலத் திறந்தார். சாரல் காற்று ஒரு வீச்சு உள்ளே வந்தது. அதுவும் ஃபேனும் சேர்ந்ததுதான் தாமதம், ஆயிரம் அப்பளமும் கிளம்பிவிட்டன.

அதை எப்படிச் சொல்வது? அருவி கீழே விழும், எங்கள் அப்பளம் மேலே போயிற்று. ஒன்று முதலாளியின் மூக்குக்கண்ணாடியில் போய் ஒட்டியது. ஒன்று அவருடைய அப்பா படத்துக்கு வட்டமாகப் பொட்டு வைத்தது. சம்பந்தி அம்மாள் கொண்டையில் இரண்டு. ஃபேன் இறக்கையில் பட்டு நொறுங்கியவை அட்சதை மாதிரி எல்லார் தலையிலும் விழுந்தன.

அம்மா கையை விரித்துக்கொண்டு கூடம் முழுக்க ஓடினாள். "ஏலே, ஃபேனை நிப்பாட்டு! ஃபேனை நிப்பாட்டுலே!"

நான் பதற்றத்தில் சுவரில் இருந்த பித்தானையெல்லாம் அமுக்கினேன். எல்லா விளக்கும் எரிந்தன. முதலாளியின் முகம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

"ஃபேனை நிப்பாட்டுலே, சவமே!"

கடைசியில் மாடசாமி அண்ணாச்சி வந்து நிறுத்தினார். சம்பந்தி அம்மாள் கொண்டையிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்தார். முகர்ந்து பார்த்தார். ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். "பிரண்டை போட்டதுங்களா? மணம் நல்லா இருக்கு" என்றார். பிறகு முதலாளியைப் பார்த்து, "இங்க அப்பளக் கம்பெனி வச்சிருக்கறதா நீங்க சொல்லவே இல்லையே?" என்றார்.

அரை மணி நேரத்தில் எங்கள் சாமான் மாட்டுவண்டியில் ஏறியது. கிளம்பும்போது கொடியிலிருந்த சட்டையை எடுத்து மாட்டினேன், பையில் கடிதம் கொழகொழவென்று கையில் ஒட்டியது. யாருக்கும் தெரியாமல் ஓடையில் போட்டேன். (அம்மாகிட்ட கடைசி வரைக்கும் சொல்லல. இப்பதான் மொத மொதல்ல சொல்லுதேன்.)

வண்டியில் தேறிய அப்பளம் பாதிதான் இருக்கும். அம்மா அதை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு மைல் தாண்டியதும் சாரல் நின்றது. தென்காசி எல்லையில் வெயில் பளீரென்று அடித்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் மாட்டைப் பார்த்தேன்.

மைதீன் பாய் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வண்டியைப் பார்த்தார், எங்கள் தலையிலிருந்த அப்பளத் தூளைப் பார்த்தார். "வீடு அங்கனதாம்மா இருக்கு, ஏறிப் போங்க" என்றார். அவருடைய மனைவியும் இரண்டு மகள்களும் தட்டட்டிக்கு வந்து அம்மாவோடு உட்கார்ந்து மீதி அப்பளத்தைத் தேய்த்துக் கொடுத்தார்கள். இரண்டு நாள் வெயிலில் ஆயிரமும் காய்ந்தது. கல்யாணத்தன்று பந்தி நடக்கும்போது அம்மா அடுப்படி வாசலிலேயே நின்றாள். தவசிப்பிள்ளை எண்ணெயில் ஒன்றைப் போட்டார். அது பூ மாதிரி விரிந்தது. அம்மா அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கூடை தூக்கவில்லை. அந்த மாடியை விட்டும் போகவில்லை. ஆனால் நான் வீட்டில் எதற்காவது வாயைத் திறந்து, "நான் என்ன சொல்லுதேன்னா..." என்று ஆரம்பித்தால் போதும், யாராவது ஒருவர், "ஏலே, ஃபேனை நிப்பாட்டு" என்பார். அக்காவின் கல்யாணப் பேச்சில் சொன்னார்கள். அக்காவுக்கு மாப்பிள்ளையாக வந்த அத்தான், வந்த ஒரு வாரத்தில் சொல்லப் பழகிக்கொண்டார். கீழே பாய் வீட்டுப் பேரப்பிள்ளைகள்கூடச் சொல்லும்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு நாளாகப் பேச்சில்லை. அவளைத் திருநெல்வேலிக்குக் கொண்டு போவதா, பாளையங்கோட்டைக்குக் கொண்டு போவதா என்று கட்டில் பக்கத்தில் நின்று அக்காவிடம் மல்லுக்கு நின்றேன். "நான் என்ன சொல்லுதேன்னா, பாளையங்கோட்டைதான் நல்ல எடம்..."

கட்டிலிலிருந்து மெல்லச் சத்தம் வந்தது. "ஃபேனை நிப்பாட்டுலே."

நர்சம்மா அண்ணாந்து பார்த்தார். அந்த வார்டில் ஃபேனே கிடையாது. அக்கா சிரித்துவிட்டாள். அம்மாவின் வாய் ஓரமும் கொஞ்சம் சுருண்டது, காய்கிற அப்பளம் மாதிரி. என்னிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான். எங்கேயும் கொண்டு போகவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. நான் வருத்தப்படுவேனாம். நானும் நாற்பது நாளாக என்னென்னவோ உளறிப் பார்த்தேன். எல்லாரும், "சரிப்பா, உன் இஷ்டம்" என்கிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நேற்று அக்கா மாவு இடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நான் என்ன சொல்லுதேன்னா, வாற சீசனுக்குக் குத்தாலத்துலயே ஒரு கடையப் போட்டு, அங்கனயே அப்பளத்தைத் தேச்சு..."

உலக்கை நின்றது. அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"ஏலே, ஃபேனை நிப்பாட்டு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கீழேயிருந்து பாய் சிரிக்கிற சத்தமும் கேட்டது. பிறகு அக்கா மாவுக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். மாவு முழுக்கக் கண்ணீர். (உப்பு கொஞ்சம் கொறச்சுப் போட்டாச் சரியாயிரும்.)

இன்று காலையிலிருந்து அடுத்த யோசனை ஒன்றைத் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.