முளைப்பாரிக்குள் வைத்த காந்தம்

எதையாவது அரைகுறையாகப் படித்துவிட்டு வீட்டில் சோதித்துப் பார்க்கும் ஆசை எனக்கு உண்டு. அதனால் போனது என் மானம் மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். கொடைரோடு பக்கம் எங்கள் ஊர். திண்டுக்கல்லில் நான் அறிவியல் வாத்தியார். (அதனால் எனக்கு அறிவியல் தெரியும் என்று ஊரில் நம்பினார்கள்.) கல்யாணமாகி மூன்று மாதம். ஊர் அம்மன் திருவிழாவுக்கு என் மனைவி செல்லம் புகுந்த வீட்டில் போடும் முதல் முளைப்பாரி. பயிர் குட்டையாக வந்தால், மருமகள் வந்த நேரம் சரியில்லை என்று பேச வாய்கள் தயாராக இருந்தன. அவள் பயந்தாள். காந்தத்தின் அருகில் விதை வேகமாக வளரும் என்று பத்திரிகையில் படித்திருந்த நான் பயப்படவில்லை.

பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய உள்ளங்கை அகலக் காந்தத்தை, அடி உடைத்த மண்பானையில் ஓட்டையை மூடிப் பரப்பியிருந்த வைக்கோலுக்குள் யாருக்கும் தெரியாமல் செருகினேன். அதன்மேல் செல்லம் எருவைக் கொட்டிப் பயறு விதைத்தாள். முளைப்பாரி வளரும் அறைக்குள் ஆண்கள் போகக் கூடாது. ஒன்பது நாளும் வாசலில் நின்று, "எம்புட்டு வளந்திருக்கு?" என்று கேட்டே இளைத்தேன்.

பத்தாம் நாள் பார்த்தால் அவளுடையதுதான் எல்லாவற்றிலும் உயரம்.

"எம் மருமக கைராசி. அவ முடி மாதிரியே பயிரும் வளந்திருக்கு, பாருங்க," என்றாள் அம்மா. செல்லத்தின் பெரிய கொண்டையைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள் அவள்.

முளைப்பாரியைக் கரைப்பதற்காகக் கண்மாய்க் கரையில் பானையைச் செல்லத்தின் தலையிலிருந்து பின்பக்கமாக இறக்கினார்கள். அது கொண்டையை உரசியதுதான் தாமதம், கொண்டை ஊசிகள் அத்தனையும் போய் அடியில் ஒட்டிக்கொண்டன. பானை இறங்கியது. கூடவே கொண்டையும் இறங்கியது. அது சவுரிமுடி என்று அன்றுவரை எனக்கே தெரியாது. செல்லம் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு அழுதாள். கண்மாயில் முழங்கால் தண்ணீர்தான். எனக்கு ஒளியக்கூட வழியில்லை.

அம்மா பானையின் அடியில் கைவிட்டுக் காந்தத்தை எடுத்தாள்.

"ஏலே, இது ஒன் வேலையா?"

பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, தன் கொண்டையை ஒரே இழுப்பில் உருவிக் காட்டினாள். "எனக்குஞ் சவுரிதேன். ஆத்தா பாக்குறது பயிரத்தேன், கொண்டைய இல்ல. வாங்க, போவோம்."

செல்லம் அழுகையை விட்டுச் சிரித்தாள். அம்மாமேல் எனக்கு அன்று வந்த அன்பு சொல்லி முடியாது.

பயிர் காந்தத்தால் வளர்ந்ததா, செல்லம் தெளித்த தண்ணீரால் வளர்ந்ததா, இன்றுவரை தெரியவில்லை. ஆனால் நான் எந்தப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தாலும், செல்லம் தலையிலிருந்து ஒரு ஊசியை உருவி அதன் பக்கத்தில் நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையில் வாங்குகிறாள்.